இல்லம் நலம் பெற: மணமில்லா நஞ்சு

மார்கழிப் பனியில் நம் இடையஞ்சாவடியிலும் பிள்ளைகளைக் குளிப்பாட்ட வெந்நீர் வேண்டும். அதற்கெனக் கேஸ் கீசர் வாங்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல விழைகிறோம்.

சிலிண்டர் கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும். அதற்காகவே அவ்வாயுவில் மெர்காப்டன் கலக்கப்படுகிறது. ஆனால், காற்றோட்டமில்லா அறையில் அது எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் அது இரத்தத்தைப் பற்றிக்கொள்கிறது.

ஆகவே, கீசரைக் குளியலறைக்கு வெளியே, திறந்த இடத்தில் பொருத்துங்கள்; குழாய் வழியே வெந்நீர் மட்டும் உள்ளே வரட்டும். மூடிய கார் கொட்டகையும் ஆகாது. அங்கே வைத்தால் புகைபோக்கி வெளியே திறந்திருத்தல் வேண்டும். குளிக்கையில் தலைவலியோ மயக்கமோ தோன்றினால், உடனே வெளியேறி 108-ஐ அழையுங்கள்.

குளிருக்கு அஞ்சிச் சன்னலை அடைக்கிறோம். உயிருக்கு அஞ்சி அதைத் திறந்து வைப்போமா?