மூடியில் ஆணியால் இட்ட துளை

இந்தியக் காப்புரிமைத் துறையின் மும்பை அலுவலகம் ஆண்டாப் ஹில் பகுதியில் இருக்கிறது. அங்கிருந்து சில கிலோமீட்டருக்குள் மாட்டுங்காவில் ரசாயனத் தொழில்நுட்பக் கழகம். 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகத் தொடங்கி, 2008இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற நிறுவனம் அது. கிழக்கே செம்பூரிலும் மாகுலிலும் உர ஆலையும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும். இவற்றுக்கு அருகே தாராவி. ரசாயனத்தைக் கற்பிக்கும் இடம், உற்பத்தி செய்யும் இடம், கண்டுபிடிப்பின் உரிமையைப் பதியும் இடம், அதே ரசாயனத்தைக் குவளையில் அள்ளி ஊற்றும் இடம் ஆகிய நான்கும் இத்தனை நெருக்கமாக அமைவது அரிது. ஆயினும் துப்புரவுத் திரவங்களை அளந்து கலக்கும் கருவி என்ற ஒரு சிறிய பொருளை எடுத்துக்கொண்டு பார்த்தால், இவற்றுக்கிடையே உள்ள தொலைவு வரைபடம் காட்டுவதைவிட அதிகம்.

அந்தக் கருவியைப் பெரிய மருத்துவமனைகளின், நட்சத்திர விடுதிகளின், வணிக வளாகங்களின் பின்புற அறைகளில் காணலாம். சுவரில் பொருத்திய ஒரு பெட்டி. மேலே தண்ணீர்க் குழாய். கீழே செறிந்த ரசாயனம் நிறைந்த கேன். பொத்தானை அழுத்தினால் உரிய விகிதத்தில் நீர்த்த கரைசல் வாளியில் விழும். இதன் இயக்கம் எளிது. குறுகலான இடத்தைக் கடக்கும் நீரின் வேகம் கூடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. குறைந்த அழுத்தம் கேனிலிருந்து ரசாயனத்தை உறிஞ்சிக்கொள்கிறது. இத்தாலிய இயற்பியலாளர் ஜொவானி பட்டிஸ்டா வென்ச்சுரி 1797இல் விவரித்த விளைவு இது. கருவிக்கும் அவர் பெயரே நிலைத்துவிட்டது. உறிஞ்சு குழலின் முனையில் செருகும் ஒரு சிறு பிளாஸ்டிக் முனைதான் விகிதத்தைத் தீர்மானிக்கிறது. அதில் உள்ள துளையின் விட்டம் மாறினால் கரைசலின் செறிவும் மாறும். துளைக்கு ஒன்றாக நிறம் வைத்திருப்பார்கள்.

தாராவியிலும் ஒரு துளை உண்டு. காலியான தண்ணீர் பாட்டிலின் மூடியில், சூடாக்கிய ஆணியால் இடப்பட்டது. பினாயிலோ ஆசிடோ அதன் வழியே பீச்சப்படும். இந்தியாவின் எந்த நகரத்திலும் துப்புரவு வேலை நடக்கும் எந்த மூலையிலும் இதைப் பார்க்கலாம். இயற்பியல் நோக்கில் இரண்டு துளைகளுக்கும் உறவு நெருக்கமானது. இரண்டுமே திரவத்தின் ஓட்டத்தை நெருக்கி அளவாக்குகின்றன. முதலாவது துளையைச் சுற்றிக் காப்புரிமைகள் அடுக்கடுக்காக உள்ளன. இரண்டாவதை யாரும் பதிய மாட்டார்கள். புதுமை இல்லாததற்குக் காப்புரிமை இல்லை என்பது சட்டம். அதில் தவறேதும் இல்லை. ஆனால் எது அறிவு, எது வெறும் கைப்பழக்கம் என்ற பாகுபாடு, சட்டத்துக்கு வெளியே, ஆய்வுத்துறைக்குள்ளும் அப்படியே நுழைந்துவிட்டது.

சுவர்ப்பெட்டியைத் தாராவிக்குக் கொண்டுபோனால் போதாதா என்று கேட்கலாம். போதாது, காரணம் பணம் மட்டுமன்று. வென்ச்சுரிக் கருவி ஒழுங்காக உறிஞ்சுவதற்குப் பொதுவாக 2 பார் அளவு நீரழுத்தம் வேண்டும். அது ஏறத்தாழ 20 மீட்டர் உயரத்தில் உள்ள தொட்டி தரும் அழுத்தம். ஒரு மாடிக் கழிப்பறைக் கட்டடத்தின் கூரையில் மூன்று மீட்டர் உயரத்தில் இருக்கும் தொட்டி தருவது 0.3 பார்தான். அந்த அழுத்தத்தில் கருவி பழுதாகி நிற்காது. அதைவிட மோசமாக, வெறும் தண்ணீரையோ அளவு குறைந்த கரைசலையோ ஊற்றிக்கொண்டிருக்கும். ஊற்றுபவருக்கு அது தெரியாது. மேலும், மும்பையின் குடிசைப்பகுதிகளில் குழாய்நீர் நாளுக்குச் சில மணி நேரமே வருகிறது. நீர் நின்று குழாயில் அழுத்தம் இறங்கும்போது, காப்பு இடைவெளி இல்லாத கருவியானால், கேனில் உள்ள ரசாயனம் பின்னோக்கிக் குடிநீர்க் குழாய்க்குள் இழுபடக்கூடும். இருபத்துநான்கு மணி நேரமும் அழுத்தம் நிலைத்திருக்கும் குழாயை மனத்தில் கொண்டு வடிவமைத்த கருவி, அத்தகைய குழாய் இல்லாத இடத்தில் தானே ஓர் அபாயமாகிறது.

இனி, அளவு ஏன் உயிர்ப்பிரச்சினை என்பதற்கு வரவேண்டும். கழிப்பறைத் துப்புரவுக்கு ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு வகை ரசாயனங்கள் தேவைப்படுகின்றன. உப்புநீரும் சிறுநீரும் படிந்து இறுகிய கறையைக் கரைக்க அமிலம் வேண்டும். கடைகளில் ஆசிட் என்று விற்பது பெரும்பாலும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். கிருமியைக் கொல்ல பிளீச்சிங் பவுடரோ சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலோ வேண்டும். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். பள்ளி வேதியியலில் இது ஒரே வரிச் சமன்பாடு. குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது, தாழ்வாகத் தங்கும். கழிப்பறைப் பீங்கானைக் குனிந்தும் குந்தியும் தேய்ப்பவரின் முகம் இருப்பதும் அந்தத் தாழ்வில்தான்.

இரண்டையும் பிரித்து வைப்பது இடையில் ஊற்றிக் கழுவும் ஒரு வாளித் தண்ணீர். பாதுகாப்புக் கையேடுகள் எல்லாம் அந்த வாளியை நம்பியே எழுதப்பட்டிருக்கின்றன. தண்ணீர் அளந்து வரும் இடத்தில், லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் இடத்தில், முதலில் மிச்சப்படுத்தப்படுவது எந்த வாளி என்பதை யூகிக்கப் பெரிய ஆய்வு வேண்டாம். இத்தகைய விபத்துகளைத் தொழிலாளரின் அறியாமைக் கணக்கில் எழுதுவது வழக்கம். ஆசிடையும் பிளீச்சிங்கையும் சேர்த்தால் நெஞ்சடைக்கும் என்பதை மற்ற யாரையும்விட நன்கு அறிந்தவர்கள் அந்த வேலையைச் செய்பவர்களே. பற்றாக்குறை அறிவுடையது அன்று, தண்ணீருடையது.

அறியாமை என்ற விளக்கம் செல்வந்த நாடுகளிலும் நிற்கவில்லை. 2019 நவம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஓர் உணவகத்தின் சமையலறைத் தரையில் அமிலத் துப்புரவுத் திரவமும் ஹைப்போகுளோரைட் திரவமும் கலந்து, அங்கிருந்த மேலாளர் உயிரிழந்தார். 2016 அக்டோபரில் கான்சஸ் மாநிலத்தின் அட்சிசன் நகர ஆலையொன்றில், லாரியில் வந்த கந்தக அமிலம் ஹைப்போகுளோரைட் தொட்டியின் குழாயில் தவறுதலாக இணைக்கப்பட்டது; எழுந்த குளோரின் மேகத்தால் 140க்கு மேற்பட்டோர் மருத்துவ உதவி நாடினார்கள். அங்கே பயிற்சியும் கையேடும் இல்லாமலில்லை. இரண்டு ரசாயனங்களின் குழாய் வாய்களும் அருகருகே, ஒன்று போலவே இருந்தன.

அட்சிசனில் நடந்ததை மருத்துவத்துறை பல பத்தாண்டுகளுக்கு முன்பே தன் எல்லைக்குள் தடுத்துவிட்டது. அறுவை அரங்கில் ஆக்சிஜன் உருளையின் இடத்தில் நைட்ரஸ் ஆக்சைடு உருளையை மாட்டினால் நோயாளி இறந்துவிடுவார். எனவே 1950களில் ஓர் ஏற்பாடு வந்தது: ஒவ்வொரு வாயு உருளையின் வாயிலும் வெவ்வேறு இடத்தில் இரு துளைகள், கருவியின் பக்கம் அதே இடங்களில் இரு ஊசிகள். துளையும் ஊசியும் பொருந்தாவிட்டால் உருளை மாட்டாது. மயக்க மருத்துவர் களைத்திருந்தாலும், விளக்கு மங்கியிருந்தாலும், சீட்டு கிழிந்திருந்தாலும் மாட்டாது. எந்த நிறுவனத்தின் உருளையானாலும் இதே விதி. அது உலகப் பொதுத்தரம்.

துப்புரவு ரசாயனத் துறையும் இத்தகைய பொருந்தா வாய்களைக் கண்டுபிடித்திருக்கிறது. ஆனால் அவற்றின் நோக்கம் இரட்டையானது. தனிவடிவ வாய் கொண்ட கேன், தவறான ரசாயனம் கருவியில் ஏறாமல் தடுக்கிறது. அதோடு போட்டியாளரின் சரக்கும் ஏறாமல் தடுக்கிறது. கருவியை இலவசமாகவோ குறைந்த விலையிலோ மாட்டிக்கொடுத்து, ரசாயனத்தில் லாபம் பார்ப்பது இந்த வணிகத்தின் பழகிய வழி. பாதுகாப்பு, நிறுவனத்துக்கு ஒரு வடிவமாகச் சிதறிக் கிடப்பது இதனால்தான். தேவைப்படுவது இன்னுமொரு புத்திசாலிக் கலவைப்பெட்டி அன்று. அமிலத்துக்கு ஒரு வாய், ஹைப்போகுளோரைட்டுக்கு ஒரு வாய் என்று எல்லா உற்பத்தியாளரையும் கட்டுப்படுத்தும் பொதுத்தரம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் செய்யவேண்டிய வேலை அது. இன்று எந்தத் துப்புரவுப் பொருள் கடையிலும் ஐந்து லிட்டர் ஆசிட் கேனின் மூடியைக் கழற்றி ஹைப்போ கேனில் மாட்டிப் பார்க்கலாம், பெரும்பாலும் பொருந்தும்.

வாயின் வடிவம் தாராவிக்குக் கூடுதலாகப் பொருத்தமானது. 13 காம்பவுண்டு என்று அறியப்படும் மறுசுழற்சிப் பகுதிக்கு வந்துசேரும் பிளாஸ்டிக் கேன்கள் எல்லாமே அரைபட்டு மணியாவதில்லை. கழுவி மறுபடி விற்பனைக்குப் போகிறவையும் உண்டு. கழுவும்போது முதலில் உரிவது சீட்டு. எச்சரிக்கை வாசகம், மண்டையோட்டுப் படம், தயாரித்த நாள் எல்லாம் அதோடு போகும். வாய் போகாது. மேலும் அந்தச் சீட்டுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சாகின்றன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக அங்கே வாழும் தமிழருக்கும், நேற்று வந்திறங்கிய பிற மாநிலத்தவருக்கும் ஒரே பொதுமொழி மூடி பொருந்துவதும் பொருந்தாததும்தான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கேனின் வாய் கேனுக்குள் நடக்கும் கலப்பைத் தடுக்கும்; பீங்கானுக்குள் நடப்பதை எப்படித் தடுக்கும்? தடுக்காது. அங்கே செய்யக்கூடியது ரசாயனத்தையே மாற்றுவது. அமிலம் தவிர்க்க முடியாத கழிப்பறைகளில், அமிலத்தோடு சேர்ந்தாலும் குளோரினை வெளியிடாத குவாட்டர்னரி அமோனியக் கிருமிநாசினிகளைப் பயன்படுத்தலாம். விலை கூடுதல், சிலவகைக் கிருமிகளிடம் வீரியமும் குறைவு. நகராட்சி ஒப்பந்தப்புள்ளியில் குறைந்த விலைக்கே வெற்றி என்ற விதி இருக்கும்வரை இந்த மாற்றம் நடக்காது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. சில்லறை ஆசிட் விற்பனை இன்னொரு சிக்கல். 2013 ஜூலையில் லட்சுமி வழக்கில் உச்ச நீதிமன்றம் அமில விற்பனைக்குப் பதிவேட்டையும் அடையாளச் சான்றையும் கட்டாயமாக்கியது. அமில வீச்சைத் தடுக்க வந்த அந்த உத்தரவின் கவலை, வாங்குபவர் யார் என்பது. வாங்கியது எந்த பாட்டிலில் போய்ச் சேருகிறது என்பது வேறு கவலை. குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைத்த ஆசிடைக் குழந்தைகள் குடித்துவிடும் செய்திகள் ஓய்ந்தபாடில்லை.

சிறு பொட்டலம் என்ற தீர்வும் சொல்லப்படுவதுண்டு. தமிழருக்கு அதில் தனி உரிமையும் இருக்கிறது. ஷாம்புவை ஒருவேளை அளவாகப் பொட்டலத்தில் அடைத்து விற்கும் வழக்கத்தைப் பரப்பியது கடலூர்ச் சின்னிகிருஷ்ணனின் குடும்பம். அளவுக் கருவியே வேண்டாம், பொருளே அளவாக வரட்டும் என்ற அந்த யோசனை, அழுத்தமில்லாத குழாய்க்கு ஏற்றது. ஆனால் பலஅடுக்குப் பொட்டலத் தாளுக்குத் தாராவியிலும் மதிப்பில்லை. அது சாக்கடையில்தான் முடியும். குளோரின் மாத்திரைகள் அதைவிட மேல். அவையும் அமிலம் பட்டால் வாயுவைக் கக்கும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

அளவு என்றதும் விகிதத்தோடு நின்றுவிடுவது கருவிகளின் இன்னொரு குறை. 2020 மார்ச்சில் கொரோனா தொடங்கியபோது, பொது இடங்களை 1 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசலால் துடைக்கவேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் சொன்னது. 5 சதவீதக் கரைசலானால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர். கணக்கு சரி. ஆனால் ஹைப்போகுளோரைட் நின்ற இடத்திலேயே சிதைகிறது. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் சிதைவின் வேகம் மூன்று மடங்களவு ஆகிறது. தகரக்கூரையின்கீழ் மே மாதத்தைக் கழித்த கேனில் 3 சதவீதமே மிஞ்சியிருந்தால், அதே ஒன்றுக்கு நான்கு கலவையில் கிடைப்பது 0.6 சதவீதம். மிக நுட்பமான பெட்டியும் கன அளவையே அளக்கிறது, வீரியத்தை அன்று. அங்கே தொழிலாளர் தம் மூக்கை நம்புகிறார். நெடி போதவில்லையென்றால் இன்னொரு குவளை. அந்த மாத இறுதியில் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில் ஊர்திரும்பிய தொழிலாளர்களைத் தரையில் உட்காரவைத்து அவர்கள்மீதே ஹைப்போகுளோரைட்டைப் பீய்ச்சினார்கள். மனிதர்மீது தெளிக்கலாகாது என்ற அமைச்சக அறிவுரை ஏப்ரல் 18இல்தான் வந்தது. ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் தாராவியை உதாரணமாகக் காட்டிப் பேசினார். பொதுக் கழிப்பறைகளை நாள்தோறும் மருந்திட்டுக் கழுவியவர்களின் நுரையீரல் அந்தப் பாராட்டில் இடம்பெறவில்லை. அதே ஆண்டு தமிழ்நாட்டில் துப்புரவுப் பணியாளர் என்ற பெயர் தூய்மைப் பணியாளர் என்று மாறியது. குவளை மாறவில்லை.

மாட்டுங்காவின் தமிழரும் தாராவியின் தமிழரும் ஒரே மொழி பேசி, தண்டவாளத்தின் இருபுறமும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக வாழ்கிறார்கள். முன்னவரின் பிள்ளைகளில் பலர் வேதியியல் படித்தார்கள். பின்னவரில் பலர் வேதிப்பொருளைக் கையாண்டார்கள். யார் எதைக் கையாள்வது என்பதைச் சாதி முன்பே பங்கிட்டிருந்தது. ரசாயனத் தொழில்நுட்பக் கழகம் தொடக்கத்தில் கற்பித்தது வேதிப்பொறியியலும் துணி வேதியியலும். பஞ்சாலை நகரத்துக்கு அப்போது அது தேவையாயிருந்தது. நகரத்தின் தேவையிலிருந்து பாடத்தை வகுத்துக்கொண்ட அந்த மரபை இன்றைய ஆய்வு மாணவர்கள் தாராவியின் பக்கம் திருப்புவதற்குப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை. தாராவி, ஆண்டாப் ஹில், செம்பூர்க் கடைகளில் விற்கும் ஹைப்போ கேன்களின் வீரியத்தை ஜனவரி முதல் ஜூன்வரை மாதந்தோறும் அயோடின் தரம்பார்த்தலால் அளக்கலாம். கேன்களின் வாய் விட்டத்தையும் மூடியின் மரையையும் கூடவே குறித்துக்கொள்ளலாம். ஒரு முதுகலை மாணவர் ஒரே பருவத்தில் முடிக்கக்கூடிய வேலை அது. தர நிர்ணய அமைவனத்தின் குழுமுன் வைப்பதற்கு முதலில் வேண்டியதும் அந்த அட்டவணைதான்.