விஸ்கிக்கு மீன் ஐஸா?

கத்தரி வெயில் வந்தால் செங்கல்பட்டில் மோர் விற்பவருக்குக் கொண்டாட்டம். நுங்கு விற்பவருக்குக் கொண்டாட்டம். "குடிமகன்"களுக்குத்தான் திண்டாட்டம்!

மார்கழி மாதத்தில் கிளாசில் விஸ்கியை ஊற்றி, வெறும் தண்ணீர் கலந்து மடக்கென்று குடித்தவர், சித்திரை பிறந்ததும் ஆளே மாறி விடுகிறார். சிலர் விஸ்கியை விட்டு விட்டு பீருக்குத் தாவுகிறார்கள். "உடம்புக்குக் குளிர்ச்சி" என்று காரணம் வேறு! குளிர்ச்சியாவது ஒன்றாவது. எந்தச் சரக்கானாலும் சிறுநீரை அதிகமாக்கும். வியர்வையும் சேர்ந்து கொண்டால் உடம்பு வறண்டுதான் போகும்.

விஸ்கியை விட மனம் இல்லாதவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று. "அண்ணே, ஐஸ் இருக்கா?"

கேட்பதில் ஆச்சரியம் இல்லை. 2016-ம் ஆண்டு முதல் டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கிறது. வெயில் மண்டையைப் பிளக்கும் நேரம். கையில் இருப்பதோ 42.8 சதவீத ஆல்கஹால். தலைக்கு மேலே தகரக் கூரை. ஐஸ் இல்லாமல் தொண்டையில் இறங்குமா?

நாம் கேட்பது வேறு கேள்வி. அந்த ஐஸ் எங்கே இருந்து வருகிறது?

வேனில் வந்த பாளம்

கோவளத்தில் இருந்து சதுரங்கப்பட்டினம் வரை கடலோரம் நெடுக மீனவர் குப்பங்கள். மீன் கெடாமல் இருக்க ஐஸ் வேண்டும். அதற்காகவே பாளம் பாளமாக ஐஸ் தயாராகிறது. மீனுக்குப் போட வேண்டிய ஐஸ். மனிதன் வாயில் போட வேண்டியது அல்ல.

சென்ற கோடையில் ஒருநாள் மாமல்லபுரம் போகும் வழியில் ஒரு மினி வேன் நின்றது. சாக்குப் போட்டு மூடிய ஐஸ் பாளங்கள். பக்கத்திலேயே காலி மீன் கூடைகள். நாற்றம் மூக்கைத் துளைத்தது. ஒரு பையன் ஒரு பாளத்தை இறக்கி, தரையிலேயே தரதர என்று இழுத்துக் கொண்டு போனான்.

எங்கே? அங்கிருந்த ஒரு பாருக்குள்!

சுத்தியலால் தட்டினான். தரையில் சிதறிய துண்டுகளைப் பொறுக்கி வாளியில் போட்டான். பாருக்குப் போக மிச்சம் இருந்தது அடுத்தாற்போல் இருந்த ஜூஸ் கடைக்குப் போனது. அங்கே கையில் காசோடு நின்று கொண்டிருந்தாள், ஒரு பள்ளிக்கூடச் சிறுமி.

"ஏம்ப்பா, இது மீன் ஐஸ் ஆச்சே?"

"விஸ்கி ஊத்தினா கிருமி எல்லாம் செத்துடும் சார்!"

சாகாத கிருமி

சாகுமா? 1985-ம் ஆண்டிலேயே அமெரிக்க டாக்டர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சீதபேதிக் கிருமி உள்பட வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமிகளைத் தண்ணீரில் கலந்து ஐஸ் ஆக்கினார்கள். அந்த ஐஸை விஸ்கியிலும் சோடாவிலும் போட்டார்கள். ஐஸ் கரைந்த பிறகும் கிருமிகள் அடியோடு சாகவில்லை! அமெரிக்க மருத்துவ சங்கத்தின் பத்திரிகையில் அது வெளியானது.

சரி, குடிப்பவர் தெரிந்தே குடிக்கிறார், போகட்டும் என்றே வைத்துக் கொள்வோம். அந்தச் சிறுமியின் ஜூஸில் விஸ்கியும் கிடையாதே?

ஒரு காலத்தில் சென்னையில் இருந்த வெள்ளைக்காரர்கள் அமெரிக்காவில் இருந்து கப்பலில் ஐஸ் வரவழைத்தார்கள். அதை வைக்க 1842-ல் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்று விவேகானந்தர் இல்லம். அங்கே ஏரியில் உறைந்ததை வெட்டி எடுத்து, ஆயிரக்கணக்கான மைல் கொண்டு வந்தார்கள். நமக்கோ ஐந்து மைலில் இருந்து மீன் கூடையோடு வருகிறது!

சாப்பிட உதவாத ஐஸில் நீல நிறம் கலக்க வேண்டும் என்று மத்திய உணவுப் பாதுகாப்பு விதி இருக்கிறது. மகாராஷ்டிராவில் 2018-லேயே இதைக் கட்டாயம் ஆக்கினார்கள். பார்த்த உடனே தெரிந்து விடும், இது மீனுக்கு, இது மனிதனுக்கு என்று. குடிகாரருக்குக் கூடத் தெரியும்! நாம் பார்த்த பாளமோ பளிங்கு போல வெள்ளை வெளேர் என்று இருந்தது.

ஐஸ் தயாராகும் இடத்திலேயே நீலத்தைக் கலக்கச் செய்தால் பாதி வேலை முடிந்தது. மீதிக்கு, உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் பாருக்கும் ஜூஸ் கடைக்கும் ஒரு நடை வர வேண்டும்.

வருவதாக இருந்தால் பகல் 12 மணிக்கு முன்னால் வரட்டும். சாயங்காலம் வந்தால் சாட்சி கரைந்து போயிருக்கும்!