ஓடுபாதையும் உரிமையும்

கே.ஜி.கண்டிகை வட்டாரத்திலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்படுவோர் இன்று மீனம்பாக்கம் வரை சென்றே விமானம் ஏறுகின்றனர். சென்னையின் இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் அமைந்தால், இன்ஷா அல்லாஹ், அவர்களுக்குத் தொலைவு குறையும். வான்வழிப் போக்குவரத்தின் வளர்ச்சி நாட்டுக்குத் தேவையே.

ஆயினும், 2022இல் அறிவிக்கப்பட்ட இத்திட்டத்துக்கு 5,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் வேண்டப்படுகிறது; வயல்களும் ஏரிகளும் அதில் அடக்கம். ஏகனாபுரம் மக்கள் கிராம சபைத் தீர்மானங்கள் வாயிலாகத் தங்கள் மறுப்பைத் தொடர்ந்து பதிவு செய்து வந்துள்ளனர்.

பிறருடைய நிலத்தில் ஒரு சாண் அளவையேனும் அநியாயமாகக் கைக்கொள்வதை நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்துள்ளார்கள். இழப்பீடு மட்டும் நீதியாகிவிடாது. உடையவரின் மனமொப்புதலும் வேண்டும். உழவரின் கண்ணீர் காயாத மண்ணிலிருந்து இஹ்ராம் அணிந்து புறப்பட நம் உள்ளம் இசையுமா? பயன்பெறப்போகும் நாமே அவர்களுக்காக முதலில் குரல் கொடுப்போம்.