முதலில் அது எண்தானா என்று கேளுங்கள்

மருந்து வைக்கும் ஒரு குளிர் அறைக்காக சி மொழியில் சின்ன நிரல் ஒன்று எழுதினேன். சென்சர்களின் சராசரி வெப்பநிலை 2 பாகைக்குக் கீழே போனாலோ 8-ஐத் தாண்டினாலோ எச்சரிக்கை அடிக்க வேண்டும். ஒரு இரவு எல்லா சென்சர்களும் தொடர்பை இழந்தன. எச்சரிக்கை அடிக்கவே இல்லை.

காலையில் திரையில் இருந்தது மூன்றே எழுத்து: என், ஏ, என். 'எண் அல்ல' என்பதன் சுருக்கம். (சேர்த்து வாசித்தால் தமிழில் 'நான்' மாதிரி இருக்கும். ஆனால் இந்த 'நான்' தனக்குத் தானே கூடச் சமம் இல்லை!) கூட்டுத்தொகை 0, சென்சர் எண்ணிக்கை 0. தசமக் கணக்கில் 0-ஐ 0-ஆல் வகுத்தால் நிரல் நிற்காது, இதைத்தான் தரும். இது 2-ஐ விடச் சின்னதா? இல்லை. 8-ஐ விடப் பெரியதா? அதுவும் இல்லை. அப்படியானால் எல்லாம் சரி என்று என் நிரல் நினைத்துவிட்டது. பிழை என்னுடையதுதான்.

ஃப்ளோட், டபுள் என்றால் 'தசம எண்' என்று மட்டும் படிப்பிப்பது போதாது என்பது என் கருத்து. டபுளின் 64 பிட்டில் 1 குறிக்கு, 11 அடுக்குக்கு, 52 பின்னத்துக்கு. அடுக்கு பிட் எல்லாம் 1 ஆகி, பின்னம் 0 என்றால் முடிவிலி. பின்னத்தில் ஏதாவது இருந்தால் 'எண் அல்ல'. அடுக்கு முழுவதும் 0, பின்னமும் 0 என்றால் பூச்சியம். பின்னத்தில் ஏதாவது இருந்தால் மிக நுண்ணிய எண். மற்றதெல்லாம் வழமையான எண்கள். இந்த ஐந்தில் எது என்று சொல்லத்தான் சி99-இல் 'எஃப்பிகிளாசிஃபை' வந்தது.

எக்ஸ் எக்ஸுக்குச் சமமா என்று பார்த்தே கண்டுபிடிக்கலாமே என்பார்கள் சிலர். முடியும், ஆனால் அடுத்து வாசிப்பவர் அதை எழுத்துப்பிழை என்று அழித்துவிடுவார். இன்னொன்று: ஜிசிசியில் 'ஃபாஸ்ட் மேத்' போட்டுத் தொகுத்தால், 'எண் அல்ல' வரவே வராது என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளும். அப்போது எந்தச் சோதனையையும் நம்ப முடியாது.

2-க்கும் 8-க்கும் இடையில் இருக்கிறதா என்று மாற்றிக் கேட்டிருந்தால் எச்சரிக்கையாவது அடித்திருக்கும். ஆனால் 'சூடாகிவிட்டது' என்று பொய் சொல்லியிருக்கும். இப்போது ஒப்பிடும் முன் வகையைப் பார்க்கிறேன். முடிவிலியோ 'எண் அல்ல'வோ வந்தால் செய்தி வேறு: 'அளவீடு வரவில்லை, நேரில் போய்ப் பாருங்கள்.'