கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவீங்க?



கல்லூரி திறக்கும் மாதம் வந்துவிட்டால் தாம்பரம் ரயில் நிலையத்துக்குத் தனிக் களை வந்துவிடும். தெற்கிலிருந்து வரும் ராத்திரி வண்டிகள் விடியற்காலையில் ஒவ்வொன்றாக வந்து நிற்கின்றன. புது வாளி, அதற்குள் மக், சுருட்டிக் கட்டிய மெத்தை, பெயின்டால் பெயர் எழுதிய பெட்டி, டப்பா நிறைய முறுக்கு என்று குடும்பம் குடும்பமாக இறங்குகிறார்கள். அப்பா ஆட்டோக்காரரிடம் பேரம் பேசுகிறார். அம்மா சாமான்களை மறுபடியும் எண்ணுகிறார். பிள்ளையோ, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. சேலையூர், குரோம்பேட்டை, மேற்குத் தாம்பரம், வண்டலூர், காட்டாங்கொளத்தூர் என்று இந்த வட்டாரத்தில் திரும்பிய பக்கமெல்லாம் கல்லூரி. கல்லூரி இருக்கும் இடமெல்லாம் ஹாஸ்டல்.

ஹாஸ்டல் ஆபீசில் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, பெண் பிள்ளையாக இருந்தால், அநேகமாக இந்தப் பக்கத்தின் தலைப்பில் உள்ளதுதான். ஆறரை என்று பதில் வந்தால் முகம் மலர்கிறது. ஒன்பது என்றால் அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். தீப்பிடித்தால் எந்தப் படி வழியாக வெளியே வருவார்கள், ராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சல் வந்தால் யார் போனை எடுப்பார்கள் என்று கேட்பவர்கள் அபூர்வம். கையெழுத்துக்கு நீட்டப்படும் விதிமுறைத் தாளும் அதற்கேற்றபடிதான் இருக்கிறது. பார்க்க மாணவருக்காக எழுதியதுபோல் தெரியும். பாதிக்கு மேல், ஊரில் இருக்கும் பெற்றோர் நிம்மதியாகத் தூங்குவதற்காக எழுதியது. அதில் தவறில்லை, பெற்றோரின் தூக்கமும் முக்கியம்தான். ஆனால் அந்தத் தாளோடு மூன்று நான்கு வருடம் குடித்தனம் நடத்தப்போவது பிள்ளைகள். அவர்கள் பக்கமிருந்து அதைக் கொஞ்சம் படித்துப் பார்க்கலாம் என்பதே இந்த மாதப் பேச்சு.

இந்த வட்டாரத்தில் இதைப் பேச ஆரம்பித்தால் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஜார்ஜ் டவுனில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த அந்தக் கல்லூரி 1937-ல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. சுவிட்சர்லாந்துக் கட்டடக் கலைஞர் ஹென்றி ஷாட்டியின் வடிவமைப்பில் புதர்க்காட்டுக்கு நடுவே வகுப்பறைகள் எழுந்தன. அவற்றோடு சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்று மூன்று விடுதிகளும் எழுந்தன. ஹாஸ்டல் என்று அங்கே யாரும் சொல்வதில்லை, ஹால்தான். வார்டன் என்பவர் அங்கே பாடம் நடத்தும் ஆசிரியர். ஹாலின் பொறுப்பாளர்களை மாணவர்களே தேர்ந்தெடுப்பது மரபு. பிற்பாடு பெண்களுக்கும் மார்ட்டின் ஹால், மார்கரெட் ஹால், பார்ன்ஸ் ஹால் என்று வந்தன. படிப்பு வகுப்பறையில் முடிந்துவிடுவதில்லை, சேர்ந்து வசிப்பதும் படிப்புதான் என்ற நம்பிக்கையில் கட்டியவை அவை. பிறகு வந்த பல ஹாஸ்டல்கள் கட்டிலையும் கேட்டையும் எடுத்துக்கொண்டன, அந்த நம்பிக்கையை விட்டுவிட்டன.

சேர்ந்து வசிப்பது என்றால் முதலில் சேர்ந்து சாப்பிடுவது. தமிழ்நாட்டு ஹாஸ்டல்களில் ‘டிவைடிங் சிஸ்டம்’ என்று ஒன்று உண்டு. மாதச் செலவு மொத்தத்தையும், எத்தனை பேர் எத்தனை நாள் சாப்பிட்டார்கள் என்ற கணக்கால் வகுப்பார்கள். உதாரணத்துக்கு, 200 பேர் 30 நாள் சாப்பிட்டால் 6,000 சாப்பாட்டு நாள். செலவு 7,20,000 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 120. ஐந்து நாள் ஊருக்குப் போனவன் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தால் 25 நாளைக்கு 3,000 கட்டினால் போதும். அதுதான் மெஸ் கட். மளிகை எங்கே வாங்குவது, ஞாயிற்றுக்கிழமை சிக்கனா மட்டனா, எண்ணெய் ஏன் இந்த மாதம் இரண்டு டின் கூடுதல் என்பதையெல்லாம் மெஸ் கமிட்டிப் பையன்கள் பார்த்துக்கொள்வார்கள். அதிகாலையில் சண்முகம் சாலைச் சந்தையில் கத்திரிக்காயை அழுத்திப் பார்த்து வாங்குவார்கள். வீட்டில் ஒரு தம்ளரை எடுத்து வைக்காத பிள்ளைகள்!

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். விருந்தாளி வந்தால் கெஸ்ட் டோக்கன் வாங்க வேண்டும், சாப்பாட்டை அறைக்கு எடுத்துப்போகக் கூடாது, வீணாக்கக் கூடாது என்பவையும் ஹாஸ்டல் விதிகள்தான். கான்ட்ராக்டர் நடத்தும் மெஸ்ஸில் அவற்றை மீறுவது ஒரு வீரச்செயல். டிவைடிங் மெஸ்ஸில் அதையே மீறினால், நண்பன் சாப்பிட்ட முட்டைக்கு எல்லோரும் பணம் கட்ட வேண்டும். வார்டன் வாய் திறக்குமுன் பக்கத்து இலைக்காரன் கேட்டுவிடுவான். மாத பில் வரும் நாளில் நோட்டீஸ் போர்டைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, எந்த விதி தானாகவே நிற்கும், எதற்கு வாட்ச்மேன் தேவைப்படும் என்று புரிந்துவிடும்.

மெஸ் நடத்திய பையன்களில் அப்துல் கலாமும் ஒருவர். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படிக்க வருவதற்கு முன் அவர் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி விடுதியில் இருந்தார். அறைத் தோழர்களில் ஒருவர் ஸ்ரீரங்கத்து ஐயங்கார், இன்னொருவர் கேரளத்து சிரியன் கிறிஸ்தவர். ராமேசுவரத்திலிருந்து வந்த இந்த முஸ்லிம் மாணவர் அங்கே சைவ மெஸ்ஸின் செயலாளராக இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லூரி ரெக்டரையே மதியச் சாப்பாட்டுக்கு அழைத்து, அவரவர் வீட்டுப் பக்குவத்தில் சமைத்துப் போட்டதைத் தன் சுயசரிதையில் நினைவுகூர்கிறார். ராக்கெட்டுக்கு முன்னால் ரசம் இருந்திருக்கிறது.

எல்லாப் பந்தியும் இப்படி இருந்துவிடவில்லை. தமிழ்நாட்டில் மிகப் பெரிய புயலைக் கிளப்பிய விடுதி விதி சேரன்மாதேவியுடையது. வ.வே.சு. ஐயர் நடத்திய தமிழ்க் குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் இருவருக்கு மட்டும் தனியே சாப்பாடு என்று ஏற்பாடு. காங்கிரஸ் நன்கொடையில் நடந்த இடத்தில் இது எப்படி என்று வரதராஜுலு நாயுடுவும் அப்போது காங்கிரஸில் இருந்த பெரியாரும் கேட்டார்கள். கட்சியே இரண்டுபட்டது. 1925-ல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அந்த ஜூனிலேயே பாபநாசம் அருவியில் அவர் உயிர் போனது. நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். அதற்கு நேர்க் காரணம் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் ஏற்கப்படாதது என்றாலும், அந்தப் பந்தியின் கசப்பும் கூடவே போனது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, 2018 டிசம்பரில், சென்னை ஐ.ஐ.டி. மெஸ் ஒன்றில் சைவர்களுக்கும் அசைவர்களுக்கும் கைகழுவும் இடத்தைப் பிரித்து ஒட்டிய போஸ்டரால் பெரிய சர்ச்சை வெடித்தது. போஸ்டர் அகற்றப்பட்டது. யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்று ஒரு தாள் சொல்லத் துணிந்தால், அதைக் கிழிப்பதைத் தவிர வேறு யோசனை எனக்குத் தோன்றவில்லை.

சில விதிகளுக்கு நல்ல காரணம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை. அறையில் தண்ணீர் காய்ச்சும் ராடு, கெட்டில், இன்டக்‌ஷன் அடுப்பு கூடாது என்பார்கள். ‘ஹாஸ்டல்காரன் கரண்ட் பில்லுக்குக் கஞ்சத்தனம் பண்றான்’ என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். 1,500 வாட் ராடு ஒன்று 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அறையில் இருக்கும் சின்ன பிளக் தாங்குவதோ ஆறு ஆம்பியர். அதிலேயே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு இரண்டு லேப்டாப், மூன்று சார்ஜர், ஒரு அயர்ன் பாக்ஸ். மரக்கட்டில், பஞ்சு மெத்தை, ஜன்னலில் கம்பி. 2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையத்தில் தனியார் மகளிர் விடுதி ஒன்றில் ஃபிரிட்ஜ் வெடித்து அதிகாலையில் மூண்ட தீ உயிர்ப்பலி வாங்கியது. இந்த ஆம்பியர் கணக்கை முதல் நாளே கரும்பலகையில் போட்டுக் காட்டினால் பாதி ராடுகள் தாமாகவே ஊருக்குத் திரும்பிவிடும். கூடவே, குளிர்காலத்தில் வெந்நீருக்கு ஒரு வழி செய்தால் மீதியும் போய்விடும்.

இனி அந்தக் கேட். நமக்குக் கடிதம் எழுதும் மாணவிகள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு விஷயம் இருக்கிறது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு தென்மாவட்டப் பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. தஞ்சாவூரிலிருந்தோ திருச்சியிலிருந்தோ ராத்திரி கிளம்பிய வண்டி மூன்றரை நான்கு மணிக்கு இறக்கிவிடும். ஹாஸ்டல் வண்டலூரிலேயே, கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் கேட் திறப்பது ஆறு மணிக்கு. அதுவரை பெட்டியை அணைத்தபடி பஸ் ஸ்டாண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். பெண்ணின் பாதுகாப்புக்காகப் போட்ட பூட்டு, அவளை வெளியில் நிறுத்திவிட்டு உள்ளே காலி அறையைப் பத்திரமாகக் காக்கிறது. இது விதியா, வேடிக்கையா?

பையன்களின் ஹாஸ்டலில் இதே நேரத்தில் சுவரேறிக் குதிப்பது பழைய மாணவர் சந்திப்புகளில் பெருமையாகச் சொல்லப்படும் கதை. பெண்ணுக்கு ஆறரை, ஆணுக்கு ஒன்பதரை என்ற கணக்கைப் பல்கலைக்கழக மானியக் குழுவே ஏற்கவில்லை. பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பதற்கான அதன் 2015-ஆம் ஆண்டு விதிமுறைகள், பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவிகளுக்கு மட்டும் பாரபட்சமான விடுதி விதிகளைப் போடக் கூடாது என்று தெளிவாகவே சொல்கின்றன. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மாணவிகள் ஒன்பதரை மணிப் பூட்டை எதிர்த்து 2022-ல் கேரள உயர் நீதிமன்றம் போனார்கள். பூட்டத்தான் வேண்டுமென்றால் பெண்களை மட்டும் ஏன் என்று நீதிமன்றம் கேட்டது. அதற்கு மூன்று வருடம் முன்பு, 2019-ல், அதே நீதிமன்றம் இன்னொரு வழக்கையும் பார்த்தது. படிப்பு நேரத்தில் செல்போனை ஒப்படைக்க மறுத்ததற்காக ஹாஸ்டலிலிருந்து நீக்கப்பட்ட மாணவியைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி, இணையம் கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று தீர்ப்பளித்தது. நம் ஊர் நோட்டீஸ் போர்டுகளுக்கு இந்தச் செய்திகள் இன்னும் சரியாக வந்து சேரவில்லை.

கறார் வேண்டிய இடமும் இருக்கிறது: ராகிங். 1996 நவம்பரில் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு சீனியர் ஒருவனால் கொல்லப்பட்டார். தாம்பரத்துக்கும் பாரிமுனைக்கும் இடையே ஓடிய 21ஜி பேருந்தில்தான் அவர் உடலின் ஒரு பகுதி கிடைத்தது. இந்தப் பக்கத்துக்காரர்களில் அந்த வாரம் 21ஜி-யில் ஏறத் தயங்கியவர்கள் இன்றும் இருப்பார்கள். அதன் பிறகே தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் 1997-ல் வந்தது: இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். வழக்கு 2011-ல் உச்ச நீதிமன்றத்தில் ஆயுள் தண்டனையோடு முடிந்தது. அட்மிஷனின்போது பெற்றோரும் பிள்ளையும் கையெழுத்துப் போடும் ராகிங் உறுதிமொழித் தாளை யாரும் படிப்பதில்லை. ஹாஸ்டல் தாள்களில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் அதைப் படியுங்கள்.

கல்லூரிக்கு வெளியே, பெருங்களத்தூரிலும் செம்பாக்கத்திலும் மாடி வீடுகளில் முளைத்திருக்கும் லேடீஸ் ஹாஸ்டல்களுக்கும் சட்டம் இருக்கிறது. 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவை உரிமம் பெற்றுத்தான் நடக்க வேண்டும். 2018-ல் ஆதம்பாக்கத்தில் ஒரு விடுதியில் ரகசியக் கேமராக்களைப் பெண்களே கண்டுபிடித்த பிறகுதான் பலருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரிந்தது. வாடகையைக் கேட்கும்போது உரிமத்தையும் கேளுங்கள். காட்டத் தயங்கினால் வாளியோடு அப்படியே திரும்பிவிடலாம்.

வார்டன்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். பகலெல்லாம் பாடம் நடத்திவிட்டு, ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிப்பவர்கள் நீங்கள்தான். ஏதாவது நடந்தால் முதலில் உங்கள் சட்டையைத்தான் பிடிப்பார்கள், அதனால்தான் ஆறரை மணி உங்களுக்கு வசதி என்பதும் புரிகிறது. ஆனால் ஒரு வருடம், ஒரே ஒரு வருடம், விதிமுறைத் தாளை அச்சுக்கு அனுப்புமுன் அதைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்துப் பாருங்களேன். எந்த வரியில் சிரிக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த இதழில் இதற்காக நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். உங்கள் ஹாஸ்டல் விதிகளில் நீங்கள் மனதார ஏற்றுக்கொண்ட ஒன்று, இன்றுவரை காரணமே தெரியாத ஒன்று, இரண்டையும் எழுதி அனுப்புங்கள். பழைய மாணவர்களும் எழுதலாம். சுவரேறிய கதைகளுக்கு மட்டும் ஒரு பக்கத்துக்கு மேல் தர மாட்டோம். வார்டன்களின் கடிதங்களைப் பெயர் போடாமல் வெளியிடவும் தயார்.

அன்புடன்,
ஆசிரியர்