ஏரி மட்டும் போதுமா?

வேடந்தாங்கல் பறவைகளைக் காத்தவர் யார்? கோட்டையிலே கொலுவிருந்தோரா? இல்லை தோழர்களே, ஏர்பிடித்த உழவர்கள்! துப்பாக்கி தூக்கிவந்த வெள்ளையரைத் தடுக்க, வெள்ளைக் கலெக்டரிடமே 1798-ல் உத்தரவு வாங்கினர். எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு எரு என்பதை எந்தக் கல்லூரியும் அவர்களுக்குக் கற்றுத்தரவில்லை.

ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் சரணாலயம் என 1998-ல் அறிவித்தனர். அதை 3 ஆகச் சுருக்க 2020-ல் யோசனை கிளம்பிற்று, எதிர்ப்பும் எழுந்தது. ஏரிதான் இருக்கிறதே, என்ன நட்டம் என்பாருண்டு. நத்தைகுத்தி நாரை கூடு கட்டுவது ஏரிக்குள் நிற்கும் மரத்திலே; குஞ்சுக்கு நத்தை தேடுவதோ சுற்றுவட்டாரக் கழனியிலே, சிற்றேரியிலே! வீட்டை விட்டுவைத்து அடுப்பை இடிப்பதா பாதுகாப்பு?

2022-ல் ராம்சர் பட்டியலிலும் இடம் கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்த 5 கிலோமீட்டரில் ஓரடியும் குறையக்கூடாது!