நுண்ணங்கிகள் நஞ்சைத் தின்றுவிடுமா?

"சேதனப் பசளை போட்டால் மண்ணிலுள்ள நஞ்செல்லாம் போய்விடும்" என்று பலரும் சொல்கிறார்கள். ஹற்றன், நுவரெலியாப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களிலிருந்து எங்கள் வகுப்பறை வரை இந்தப் பேச்சு வந்துவிட்டது. இது அரைவாசி உண்மை என்பேன். மற்ற அரைவாசியைச் சொல்ல ஆசனிக்கை எடுத்துக்கொள்கிறேன்.

கிளைபோசேட் போன்ற களைநாசினி ஒரு சேர்வை. நுண்ணங்கிகள் அதை உடைத்துவிடும். ஆசனிக் ஒரு மூலகம். எந்தப் பக்றீரியாவாலும் அதை அழிக்க முடியாது, உருவத்தை மாற்றத்தான் முடியும். சில பக்றீரியாக்கள் நீரில் எளிதாக அசையும் ஆசனைற்றை ஆசனேற்றாக மாற்றுகின்றன. ஆசனேற்று இரும்பு ஒட்சைட்டில் நன்றாக ஒட்டிக்கொள்ளும். மலைச்சரிவுச் செம்மண்ணில் இரும்புக்கா பஞ்சம்? ஆகவே நீர் வடிந்தோடும் சரிவில் ஆசனிக் இருந்தால் பெரும்பாலும் மண்ணோடு கட்டுண்டு கிடக்கும். கட்டுண்டு கிடப்பது வேறு, அகன்றுபோவது வேறு.

சரிவுக்குக் கீழே, நீர் தேங்கும் பள்ளத்தில் கதை தலைகீழ். அங்கே ஒட்சிசன் குறைவு. சாணத்தையும் இலைகுழையையும் கொட்டினால், நுண்ணங்கிகள் அவற்றைத் தின்று, ஒட்சிசனுக்குப் பதிலாக இரும்பு ஒட்சைட்டைப் பயன்படுத்தும். இரும்பு கரையும்போது அதில் ஒட்டியிருந்த ஆசனிக்கும் தண்ணீரில் கலந்துவிடும். பங்களாதேசின் நிலத்தடி நீரில் நடந்தது இதுதான். சுத்தமான தண்ணீருக்கென்று 1970களில் அங்கே குழாய்க்கிணறுகள் தோண்டினார்கள். 1993 இல் அந்தத் தண்ணீரில் ஆசனிக் கண்டுபிடிக்கப்பட்டது. அது யாரும் கொண்டுவந்து கொட்டிய நஞ்சல்ல, இமயமலையிலிருந்து ஆறுகள் சுமந்து வந்த வண்டலில் இருந்தது. நம் லயத்து மக்கள் கீரை போடுவதும் தண்ணீர் எடுப்பதும் பல இடங்களில் பள்ளத்து ஓடைக்கரையில்தான்.

சேதனப் பசளை என்ற பெயரே போதுமென்றும் நினைக்கக்கூடாது. அமெரிக்காவில் ஆசனிக் அடங்கிய ஒரு மருந்தைக் கோழித்தீனியில் கலந்தார்கள். 2011 இல்தான் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. அதுவரை எச்சத்தோடு அது வயலுக்குப் போனது.

மண்ணிலிருந்து ஆசனிக்கை உண்மையாகவே வெளியே எடுக்கும் ஒரு பன்னம் இருக்கிறது. 2001 இல் புளோரிடாப் பல்கலைக்கழகத்து லீனா மாவின் குழு அதை அறிவித்தது. வேர் உறிஞ்சும் ஆசனிக் இலையில் சேர்கிறது. ஆனால் அறுத்த இலையைக் கூட்டெருக் குழியில் போட்டால், எடுத்த நஞ்சை நாமே திருப்பிக் கொடுத்தவர்களாவோம். ஆட்டுக்கும் போட முடியாது.

நான் சேதனப் பசளைக்கு எதிரியல்ல. கவ்வாத்து இலை மலையிலேயே மக்கி மண்ணைக் காக்க வேண்டும். அவசரத்தைத்தான் எதிர்க்கிறேன். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்கு ஒரே அடியாகத் தடை வந்தது, நவம்பரில் நீக்கப்பட்டது. 2021 இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022 இல் 25 கோடியளவில் நின்றது. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் விழுவது யாருக்கு? முடிவெடுத்தவர்களுக்கு அல்ல.

தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது, 1925 இல் தொடங்கியது. தேயிலைச் செடிக்காக மண்ணைச் சோதிக்கிறோம். அதே அக்கறையோடு லயத்துக் கீரைப்பாத்தியையும் ஊற்றுத் தண்ணீரையும் ஆசனிக்குக்காகச் சோதிக்கவேண்டும். முடிவைத் தமிழில் எழுதி, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒட்டவேண்டும். எந்தப் பாத்தியில் எருவைப் போடுவது, எதில் போடாமல் விடுவது என்று அதன்பிறகு அந்த அம்மாக்களே முடிவு செய்வார்கள்.